பழைய தேதி போட்டு பாலிசி குடுக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் களக்காட்டுப் பக்கம் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா இருக்கேன், லைஃபும் பாக்கேன் வண்டி இன்சூரன்ஸும் பாக்கேன். சித்தப்பா மவன் வாழைத்தார் ஏத்துற லோடு ஆட்டோ வச்சிருக்கான், பாலிசி முடிஞ்சி பத்து நாளாச்சி, போன் போட்டுச் சொல்லியும் தார் வித்ததும் கட்டுதேன்னு இருந்துட்டான். போன செவ்வாக்கிழமை காலைல நாங்குநேரி பக்கம் பைக்ல வந்தவர இடிச்சிட்டான், அவரு கால் எலும்பு முறிஞ்சி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில கெடக்காரு. இப்போ திங்கக்கிழமை தேதி போட்டு பாலிசி எடுத்துக் குடுன்னு வீட்டுல எல்லாரும் நிக்காவ. எல்.ஐ.சி.ல மட்டும் பழைய தேதி போடுதீயளேங்காவ. என்ன செய்ய?

பதில்: தம்பி, செய்யாதீங்க. சித்தி வந்து அழுதாலும் செய்யாதீங்க.

லைஃப் பாலிசி விஷயத்த மொதல்ல வீட்டுல வெளக்குங்க, கொழப்பமே அதுலதான். அங்க பழைய தேதி போடுறது ப்ரபோசல் விண்ணப்பத்துலயே எழுதி, கம்பெனி ஒத்துக்கிட்டு செய்றது. வயசு ஒண்ணு கூடுறதுக்கு முந்தின தேதியப் போட்டா ப்ரீமியம் கொறையும், அவ்வளவுதான் லாபம். அதுக்கும் அதே நிதியாண்டத் தாண்டிப் பின்னால போக முடியாது, கழிஞ்ச மாசத்துக்கான ப்ரீமியத்தக் கட்டணும், வட்டியும் கேப்பாங்க. நடந்து முடிஞ்ச எதுக்கும் அதுல கவர் கெடையாது.

உங்ககிட்ட கேக்கது நடந்து முடிஞ்ச ஆக்சிடென்ட்டுக்கு கவர். ப்ரீமியம் வந்து சேராம கம்பெனி ரிஸ்க் ஏத்துக்கக் கூடாதுன்னு 1938 இன்சூரன்ஸ் சட்டத்துல 64விபி பிரிவே இருக்கு. பாலிசில தேதியோட மணியும் அடிச்சி வருது, காலைல இடிச்சிட்டு அன்னைக்கே சாயங்காலம் எடுத்தாக்கூட காலைல நடந்ததுக்கு அது செல்லாது, கோர்ட்டும் அந்த மணியத்தான் பாக்கும். போதாக்கொறைக்கு முடிஞ்சு போன பாலிசின்னா வண்டிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுவாங்க, நசுங்குன பம்பர எங்க கொண்டு ஒளிப்பீங்க?

இன்னொரு யோசனையும் யாராவது உங்க காதுல ஓதுவாங்க, பணத்தத் திங்கக்கிழமையே வாங்கிட்டேன், கட்ட மறந்துட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருன்னு. அதுல கையெழுத்துப் போட்டுராதீங்க தம்பி. ஏஜென்ட் வாங்குன பணத்த லீவு நாள் நீங்கலா 24 மணி நேரத்துல கம்பெனிக்கு அனுப்பிரணும், அதுவும் அதே பிரிவுலதான் இருக்கு. வாங்காத பணத்த வாங்கினேன்னு எழுதிக் குடுத்தா மோசடில நீங்களும் கூட்டு, ஏஜென்சி போறது மட்டுமில்ல, கேஸும் உங்க பேர்ல வரும்.

எனக்கு மனசுல உறுத்துறது ஆஸ்பத்திரில கெடக்க அந்த மனுஷன்தான், உங்க வீட்டுப் பேச்சுல அவரு பேரே வரல. பொய்த் தேதில பாலிசி காட்டினா கம்பெனி எதிர்த்து நிக்கும், கேஸு வருசக்கணக்கா இழுக்கும், அவரு கால வச்சிக்கிட்டு கோர்ட்டுக்கு அலையணும்.

உங்க சித்தப்பா மவன் பாலிசி இல்லன்னு ஸ்டேஷன்ல உள்ளத உள்ளபடி சொல்லட்டும். இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டுனதுக்கு மொத தடவ 2000 ரூவா அபராதம், இல்ல 3 மாசம் வரைக்கும் ஜெயில், சில சமயம் ரெண்டுமே. அது போக நஷ்டஈடு ஓனர் தலையிலதான் விழும், பெரிய தொகையாவும் இருக்கலாம், அதனால நல்ல வக்கீலா இப்பவே பாருங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்கு முடிஞ்சத இப்பவே குடுத்து ரசீது வச்சிக்கட்டும். போலீஸ்கிட்ட இருந்து வண்டி வெளிய வந்ததும் ரோட்டுல எறக்குறதுக்கு முன்னால, அன்னைக்குத் தேதில புது பாலிசி போட்டுக் குடுங்க.