ஏ.எம்.டி. காரில் கியர் தானாக நியூட்ரலுக்குப் போகிறது; டி.சி.யூ.வை (கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினியை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

உடனே மாற்றாதீர்கள். நெரிசலில் ஊர்ந்து போகும்போது மீட்டரில் நியூட்ரலைக் குறிக்கும் 'என்' எழுத்து மின்னுகிறது, வண்டியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, ஸ்கேனரில் வந்த கோட் (கோளாறு எண்) பி0700 என்கிறீர்கள். அந்தக் கோடுக்கு 'கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது' என்பது மட்டுமே பொருள். உண்மையான கோட் டி.சி.யூ.வுக்குள் இருக்கும். எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவான கருவிகளில் அது தெரியாது. அதைப் படித்துக் குறித்துக்கொள்ளாமல் யாரையும் அந்தக் கோளாறு எண்ணை அழிக்க விடாதீர்கள்.

ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யவேண்டிய வேலையை ஓர் ஆக்சுவேட்டர் செய்கிறது. ஹைட்ராலிக் வகையில் அது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும், அந்த அழுத்தத்தைத் தருவது மின்சார பம்ப்; மற்ற வகையில் மின்மோட்டாரே நேரடியாக இயக்கும். அதனால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான் விழவேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் குறையாமல், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பேட்டரி நெகட்டிவை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் எர்த் பட்டை சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிவிட்டாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

ஹைட்ராலிக் வகை வண்டி என்றால் காதையும் பயன்படுத்துங்கள். டிரைவர் கதவைத் திறந்ததும் இரண்டு மூன்று வினாடி 'உர்ர்' என்று பம்ப் ஓடி நிற்கும். கியரே மாற்றாமல் இக்னிஷனில் நிற்கும்போதும் சில வினாடிக்கு ஒருமுறை ஓடினால், அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் அக்குமுலேட்டர் போயிருக்கலாம், அல்லது எண்ணெய் எங்கோ கசிகிறது. சத்தமே வராவிட்டால் பம்பின் ஃபியூஸையும் ரிலேவையும் பாருங்கள்.

கிளட்சையும் மறக்கவேண்டாம். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம் பிளேட்டைத் தீய்த்துவிடும். மூன்றாம் கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. புதுப் பிளேட் போட்டபின் ஸ்கேனரில் 'லேர்னிங்' செய்யாமல் விட்டாலும் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது குலுங்கும். புதுப் பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று லேர்னிங் செய்யும்வரை டி.சி.யூ.வுக்குத் தெரியாது.

நின்ற இடத்தில் 'டி'-க்கு (டிரைவ்) போக மறுத்தால் பிரேக் சுவிட்சைப் பாருங்கள். மழைநீரில் ஓடிய வண்டியென்றால் வயர் கனெக்டர்களைக் கழற்றி, பின்களில் பச்சையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள்.

டி.சி.யூ.வைச் சந்தேகிக்க ஒரு நிலை உண்டு. ஸ்கேனருக்கு எஞ்சின் பதில் சொல்கிறது, டி.சி.யூ. சொல்லவில்லை. அப்போதும் அதன் கனெக்டரில் பவருக்கும் எர்த்துக்கும் நடுவே 21 வாட் பல்பை மாட்டிப் பாருங்கள். வெறும் மீட்டர் 12 வோல்ட் காட்டும் நைந்த வயரில் பல்ப் மங்கலாகத்தான் எரியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் வரவேண்டும். 120 வந்தால், வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர் எங்கோ அறுந்திருக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். பழைய சாமான் கடை டி.சி.யூ.வை அப்படியே மாட்டக்கூடாது. அதில் வேறொரு வண்டியின் கிளட்ச் அளவுகள் இருக்கும். புதியதோ பழையதோ, உங்கள் வண்டிக்குக் கோடிங்கும் லேர்னிங்கும் செய்துதருவார்களா என்று கேட்டபிறகே பணம் கொடுங்கள்.