கரிக்கும் கிணற்று நீரில் கோடைத் தோட்டம்

கேள்வி: உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலுக்கு நடந்து போகும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. பின்புறத்தில் 8 சென்ட் மணற்பாங்கான இடத்தில் தை மாதக் கடைசியில் வெண்டை, கத்தரி, புடலை, தர்பூசணி ஆகியவற்றை விதைத்தேன். கிணறு 16 அடி ஆழம். மாலையில் ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டி, ரப்பர் குழாயால் செடிகளின் மேல் தண்ணீர் விடுகிறேன். மாசி வரை செழித்திருந்த செடிகளில் பங்குனி பிறந்ததும் இலை ஓரம் கருகத் தொடங்கியது. ஞாயிறுதோறும் பறிக்கும் வெண்டைக்காய் முற்றி நாராகிவிடுகிறது, பூப்பதும் குறைந்துவிட்டது. புடலையில் பிஞ்சு வெம்பி உதிர்கிறது. இரண்டு தர்பூசணிகளை அறுத்தபோது உள்ளே வெளுத்திருந்தது. மற்றொன்று கொடியிலேயே வெடித்துவிட்டது. தண்ணீரைக் கூட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்? பறிக்கும் பருவத்தை எப்படி அறிவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். தண்ணீரைக் கூட்டியும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரைக் கூட்டியதனாலேயே கருகல் அதிகமாகியிருக்கும் என்று நான் கருதுகிறேன். நீர் போதாமல் வாடும் செடி முழுவதுமாகத் தொய்ந்து, இரவில் ஓரளவு நிமிர்ந்துவிடும். உப்பினால் கருகும் செடியிலோ, அடியில் உள்ள முதிர்ந்த இலைகளின் விளிம்பு முதலில் பழுப்பாகி, பின்னர் அந்தப் பழுப்பு நடு நரம்பை நோக்கி உள்ளே நகரும். காலையில் பாத்தியின் மேல்மண்ணைப் பாருங்கள். மாவு தூவியதுபோல வெள்ளை பூத்திருந்து, அதை விரலால் தொட்டு நாவில் வைத்தால் கரித்தால், ஐயத்திற்கு இடமில்லை.

மண்டபம், ராமேசுவரம் பக்கத்துக் கடற்கரை மணலில் பெண்கள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் குடிநீர் முகந்து எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊற்றில் ஊறும் வரை பொறுத்திருந்து முகந்தால் நல்ல நீர் கிடைக்கும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு நீர் வந்துவிடும். உங்கள் கிணறும் பெரிய ஊற்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மணலுக்குள் இறங்கிய நன்னீர், தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் அறியப்பட்ட கணக்கு. அந்த 1 அடி நீரை மோட்டார் விரைவாக இழுத்துவிட்டால், அழுத்தம் தளர்ந்து கீழேயிருக்கும் உப்பு நீர் கிணற்றின் அடியில் குவிந்து மேலெழும். மாசி வரை இனித்த கிணறு பங்குனியில் கரிப்பதற்கு இதுவே காரணம். மழை நின்று மூன்று மாதங்களாகி நன்னீர்ப் படலம் மெலிந்துவிட்ட நேரத்தில், நீங்கள் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் இறைத்திருக்கிறீர்கள்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது இறைக்கும் முறை. விடியற்காலையில் பத்து நிமிடமும், நீர் ஊறிய பிறகு மறுபடியும் பத்து நிமிடமுமாக இறைத்துத் தொட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் உறிஞ்சுகுழாய் முனை கிணற்றின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், நீர்மட்டத்திற்கு ஓரிரு அடி கீழே இருக்குமாறு உயர்த்திக் கட்டுங்கள். இலையின் மேல் தண்ணீர் விடுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். நீர் உலரும்போது அதிலுள்ள உப்பு இலையிலேயே தங்கி அதைச் சுட்டுவிடும். வேரடியில், சிறிது சிறிதாக, நாள் தவறாமல் விடுவதே உவர் நீருக்கு ஏற்ற முறை. சொட்டுநீர்க் குழாய் போட முடிந்தால் மிகவும் நல்லது. முடியாவிட்டால், இரண்டு செடிகளுக்கு நடுவே, பளபளப்புப் பூச்சு இல்லாத சாதாரண சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வையுங்கள். பானைச் சுவர் வழியாக நீர் மெல்லக் கசிந்து வேரைச் சுற்றிய மண்ணை ஈரமாகவே வைத்திருப்பதால், உப்பு செறிவடைய இடம் குறைகிறது. பார் (மேடாக்கிய மண்வரிசை) அமைத்து நடும்போது உச்சியில் நடாதீர்கள். நீர் ஆவியாகும்போது உப்பு பாரின் உச்சியில்தான் வந்து சேரும். பக்கச் சரிவில் நட்ட செடி தப்பித்துக்கொள்ளும்.

மண்ணை மூடி வைப்பதும் இதே அளவுக்கு முக்கியம். பனையோலை, வைக்கோல், காய்ந்த சருகு எதுவானாலும் நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கரையில் ஒதுங்கும் கடற்புல்லையும் பயன்படுத்தலாம். ஆனால் அதை ஒரு மழைக்காலம் முழுவதும் வெளியில் குவித்துப்போட்டு, உப்புக் கழிந்த பிறகே தோட்டத்திற்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த பருவத்திற்குள் ஆட்டு எருவையும், அனுமதி பெற்று எடுத்த கண்மாய்க் கரம்பையையும் மணலோடு கலந்துவிட்டால், அந்த மண் நீரையும் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கிணற்று நீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து மின்கடத்துதிறனை அறிந்துகொள்ளுங்கள். நீரில் உப்பு கூடக் கூட இந்த அளவும் கூடும். ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடற்கரை உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே ஆலோசனை பெறலாம். மின்கடத்துதிறன், அதை அளக்கும் அலகான டெசிசைமனில், மீட்டருக்கு 0.7-க்குக் குறைவாக இருந்தால் எதையும் வளர்க்கலாம். 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளுக்கு அந்த நீர் ஆகாது. வெண்டையும் கத்தரியும் உப்பைக் குறைவாகவே தாங்குபவை. மண்சாற்றின் (நீரில் ஊறிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நீரின்) உவர்ப்பு 1 டெசிசைமனைச் சற்றுத் தாண்டினாலே அவற்றின் விளைச்சல் குறையத் தொடங்கும். தட்டைப்பயறு 5-க்கு அருகில் வரையிலும், கொத்தவரை 8-க்கு மேலும் தாங்கும். எனவே வெண்டையையும் கத்தரியையும் வீட்டுக்குப் போதுமான சில செடிகளோடு நிறுத்திக்கொண்டு, கோடைக்கு முதன்மையாகக் கொத்தவரை, தட்டைப்பயறு, பருப்புக்கீரை ஆகியவற்றை வையுங்கள் என்பதே என் துணிந்த பரிந்துரை. தக்காளியைக் கோடையில் முயல வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூக்கள் உதிர்ந்துவிடும்.

இனி அறுவடைக்கு வருகிறேன். காய் பறிப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதி என்பதை உங்கள் வெண்டையே காட்டிவிட்டது. பூ மலர்ந்த 5 முதல் 7 நாட்களுக்குள் வெண்டைக்காய் பறிக்கும் பதத்திற்கு வந்துவிடும். ஞாயிறுதோறும் பறித்தால், திங்களன்று பதமாக இருந்த காய் ஆறு நாள் கூடுதலாகச் செடியிலேயே நின்று விதை கட்டிவிடும். விதை கட்டிய காய் இரண்டு மூன்று செடியில் நின்றாலே, தன் வேலை முடிந்துவிட்டதாகச் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் பறியுங்கள். முனையை வளைத்தால் படக்கென ஒடிய வேண்டும். வளைந்து மடங்கினால் அது முற்றிய காய். முற்றியவற்றையும் செடியில் விடாமல் அறுத்தெறிந்துவிட்டால், இலை பசுமையாக இருக்கும் செடிகள் மீண்டும் பூக்கும்.

கத்தரியில் தோலின் பளபளப்பே அடையாளம். பெருவிரலால் அழுத்திய இடம் மெல்ல மீண்டால் பறிக்கலாம். பளபளப்பு மங்கிய காயில் விதை முற்றிக் கசப்பு ஏறியிருக்கும். நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே காய்த்துளைப்பான் புழு இருக்கிறது என்று பொருள்; அதை ஒரு விரற்கடை கீழே கிள்ளி எரித்துவிடுங்கள்.

புடலைப் பிஞ்சு வெம்புவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். புடலையின் வெள்ளைப் பூ மாலை மங்கிய பிறகு விரிவது; அந்துப்பூச்சிகள் வராவிட்டால் மகரந்தச் சேர்க்கை நடக்காமல் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். இருட்டிய பின் விளக்கை எடுத்துக்கொண்டு போய், கொத்தாக நிற்கும் ஆண் பூவில் ஒன்றைப் பறித்து, அடியில் நூல்போல் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். மூன்று நான்கு பூக்களுக்கு இப்படிச் செய்து நூல் கட்டி அடையாளம் வைத்தால், ஒரே வாரத்தில் காரணம் தெரிந்துவிடும். மற்றொரு காரணம் பழ ஈ. உதிர்ந்த பிஞ்சைப் பிளந்து பாருங்கள். வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. கருவாட்டு வாசனைக்கு இந்த ஈ வரும். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியில் ஈ நுழையும் அளவுக்குத் துளைகளிட்டு, அடியில் சிறிது சோப்பு நீரும், உள்ளே நனைத்த கருவாட்டுத் தூள் முடிச்சும் வைத்துப் பந்தலில் தொங்கவிடுங்கள். முன்பு இதில் பூச்சிமருந்து சேர்ப்பார்கள். வீட்டுத் தோட்டத்திற்கு அது வேண்டாம். உதிர்ந்த பிஞ்சுகளை எருக்குழியில் போடாமல் ஒன்றரை அடி ஆழத்தில் புதைப்பது, பொறி வைப்பதைக் காட்டிலும் பலன் தரும்.

தர்பூசணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பறித்த பிறகு பழுக்காத பழம் அது. மாம்பழத்தைப்போல வைக்கோலில் வைத்து இனிமை ஏற்ற முடியாது. கொடியிலிருந்து அறுத்த நொடியில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். பெண் பூ மலர்ந்ததிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 35 நாட்கள் ஆக வேண்டும் என்பதால், பிஞ்சு பிடித்த நாளை ஓலைத் துண்டில் எழுதிக் காம்பருகே செருகி வைப்பது நல்ல பழக்கம். நாள் கணக்கு நெருங்கியதும் மூன்று அடையாளங்களைச் சேர்த்துப் பாருங்கள். பழக்காம்பு கொடியோடு சேரும் அதே கணுவில் ஒரு சுருள் பற்றுக்கொடி இருக்கும். அது பச்சையாக இருந்தால் காத்திருக்க வேண்டும். நுனி மட்டும் காய்ந்திருந்தாலும் இன்னும் சில நாட்கள் பொறுக்க வேண்டும். அடிவரை பழுத்துக் காய்ந்திருந்தால் பழம் தயார். அடுத்து, கொடியை முறுக்காமல் பழத்தை மெதுவாகப் புரட்டி, மண்ணில் படிந்திருந்த இடத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்த அந்த இடம் வெண்ணெய் நிறத்து மஞ்சளாகியிருக்க வேண்டும். தட்டிப் பார்ப்பது மூன்றாவதுதான்: காய் கணீரென ஒலிக்கும், பழம் அடங்கிய குரலில் ஒலிக்கும். பழகாத காது இதில் ஏமாறும் என்பதால் நான் முதல் இரண்டையே நம்பச் சொல்வேன். நீங்கள் அறுத்த இரண்டும் விதைத்த நாளைக் கணக்கிட்டால் பருவத்திற்கு முன்பே அறுக்கப்பட்டவை. வெடித்தது, காய்ந்து கிடந்த மண்ணில் ஒரே நாளில் மிகுதியாக நீர் பாய்ந்ததன் விளைவு. பழம் பெருக்கும்போது சீராகவும், கடைசி ஒரு வாரத்தில் கொடி வாடாத அளவுக்குக் குறைத்தும் நீர் விடுங்கள். வெடிப்பு குறையும், இனிப்பும் கூடும்.

புடலையோடு சுரைக்கொடியும் வைத்திருந்தால் ஓர் எச்சரிக்கை. வெயிலாலும் நீர்ப்பற்றாக்குறையாலும் வாடிய கொடியில் சில காய்கள் கடுங்கசப்பாகிவிடக்கூடும். அரியும்போதே ஒரு துண்டை நாவில் தொட்டுப் பார்த்து, கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு உடலுக்கு நஞ்சு, சமைத்தாலும் போகாது.

வேலியோரம் பழமரம் வைக்க விரும்பினால், இந்த மண்ணுக்கும் நீருக்கும் சப்போட்டாவும் இலந்தையும் ஏற்றவை. எலுமிச்சை உப்பைத் தாங்காது. சப்போட்டாவின் மேலுள்ள பழுப்புத் தூள் உதிர்ந்து, நகத்தால் கீறினால் பச்சைக்குப் பதிலாக மஞ்சள் தெரிந்து, பாலும் வற்றியிருந்தால் பறிக்கலாம்.

உங்கள் ஊர் மன்னார் வளைகுடாவைப் பார்த்திருப்பதால், ஆனி, ஆடிக் காற்று தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் உப்புத் திவலையை அள்ளி வரும். அந்தப் பக்கங்களில் பனைமட்டை வேலியும், அதன் உட்புறம் ஒரு வரிசை அகத்தியும் இருக்கட்டும். கொடி ஏறுவதற்குப் பழைய மீன்வலை போதும். அதைத் தரையில் புரளவிடாமல் இழுத்துக் கட்டுங்கள்; புரண்டால் ஓணானும் பாம்பும் சிக்கிச் சாகும். மே 4 முதல் 28 வரையிலான கத்தரி வெயிலில் கீரைக்கும் நாற்றுக்கும் மட்டும் ஓலைப் பந்தல் நிழல் தேவைப்படும்.

கோடையின் நடுவில் முதல் மழை சிறு தூறலாக வந்தால், மழைதான் வந்துவிட்டதே என்று நீர் விடுவதை நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தூறல் மேல்மண்ணில் படிந்த உப்பைக் கரைத்து நேராக வேருக்கு இறக்கிவிடும். தூறும்போதே தொட்டியில் சேர்த்த நீரையும் வேரடியில் தாராளமாக விட்டு, அந்த உப்பை வேருக்குக் கீழே தள்ளிவிடுங்கள்.