அஞ்சு மில்லிமீற்றர் சிறுநீரகக் கல்லுக்கு ஏன் இந்த வலி?

"ஸ்கானில் அஞ்சு மில்லிமீற்றர் கல்தான், அது குத்துவதாலா இப்படி உயிர் போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குத்துவதைவிட அடைப்பதுதான் பெரிய காரணம். கல் வழியை மறித்ததும் மேலே சிறுநீர் தேங்கி, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் உப்பி இழுபடும். அப்படி இழுபடும்போது குழாயின் உள்சுவரில் இருக்கும் கலங்கள் ஏடிபியை வெளியே விடுகின்றன. பள்ளிக்கூடத்தில் கலத்துக்குச் சக்தி தருவது என்று படித்தோமே, அதே ஏடிபிதான். பக்கத்து நரம்பு நுனிகளில் பி2எக்ஸ்3 என்ற ஏற்பி இருக்கிறது, ஏடிபி போய் ஒட்டியதும் அது திறந்து சோடியமும் கல்சியமும் உள்ளே பாய, நரம்பு முள்ளந்தண்டுக்கு வலிச் செய்தியை அனுப்பிவிடும். ஏடிபி நரம்புகளுக்குச் செய்தி சொல்லும் என்று ஜெஃப்ரி பேர்ன்ஸ்டொக் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1972இலேயே எழுதினார், கனகாலம் பலர் நம்பவில்லை. பிறகு 2000ஆம் ஆண்டில், அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்குச் சிறுநீர்ப்பை நிறைவது சரியாகத் தெரிவதில்லை என்று காட்டினார்கள்.

இதோடு புரொஸ்டாகிளாண்டின் என்ற, உடலே உண்டாக்கும் வேதிப்பொருளும் சுரக்கும். அது நரம்பை இன்னும் கூச்சமாக்குவதோடு சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டத்தையும் கூட்டுவதால் சிறுநீர் மேலும் ஊறி, அழுத்தம் ஏறும். டைக்ளோபெனக் என்ற வலி மருந்து ஊசி நன்றாகக் கேட்பது புரொஸ்டாகிளாண்டின் உருவாவதை அது தடுப்பதால்தான்.

கிளிநொச்சியில் எங்கள் சின்னமாமாவுக்கு அரிவி வெட்டு நேரம் இது வந்தது. நாரியில் தொடங்கிக் கவட்டுக்கு இறங்கியது, படுக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் விறாந்தைத் தூணைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி நடந்தார். குழாயிலிருந்தும் கவட்டிலிருந்தும் வரும் நரம்புகள் முள்ளந்தண்டில் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குப் போவதால் மூளைக்கு இடம் பிடிபடுவதில்லை. அந்த நேரத்தில் வீட்டில் எல்லாரும் செம்பு செம்பாகத் தண்ணீர் பருக்கினார்கள். வலி உச்சத்தில் அதனால் கல் கெதியாக இறங்குவதாகத் தெரியவில்லை. தண்ணீர் மற்ற நாட்களில் வேணும், அதுவும் வன்னி வெயிலில் வயலில் வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்குக் கட்டாயம் வேணும்.

அப்புறம், வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை டைக்ளோபெனக் இன்னும் கெடுக்கும், ஆனபடியால் டொக்டரைக் கேளாமல் பாமசியில் வாங்கி விழுங்காதீர்கள். வலியோடு காய்ச்சலோ நடுக்கமோ சேர்ந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடைப்புக்கு மேலே தேங்கிய கிருமி சில மணித்தியாலத்தில் இரத்தத்தில் ஏறிவிடலாம்.