பூசை ஒன்றுபோல இருக்கலாம், ஆயர் வேறு

கேள்வி: மகளுக்குப் பேசியிருக்கும் பையன் கல்முனைப் பக்கம். அவர்களுடையது உரோமையோடு சேராத ஒரு சிறிய கத்தோலிக்க சபை. தனியாக ஓர் ஆயர் இருக்கிறாராம். பூசையைப் பார்த்தால் எங்களுடையது போலத்தான். கலியாணத்தைத் தங்கள் கோவிலில் வைக்கக் கேட்கிறார்கள். அப்படி வைத்தால் செல்லாது என்கிறார் எங்கள் பங்குத்தந்தை. அப்படியென்றால் பையனின் ஞானஸ்நானமும் செல்லாதா?
- ஒரு தாய், தாண்டவன்வெளி

பதில்: இரண்டும் வேறு விஷயம் அம்மா. தண்ணீர் ஊற்றி, 'பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே' என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த ஞானஸ்நானம் செல்லும். 'எதற்கும் இன்னொரு தடவை கொடுத்துவிடுவோம்' என்று யாரும் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். விசாரித்தும் தீராத சந்தேகம் இருந்தால் மட்டுமே நிபந்தனையோடு திரும்பக் கொடுக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 869. திகதி, கொடுத்தவர், ஞானப்பெற்றோர், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அவர்கள் சபையிடம் எழுத்தில் வாங்குங்கள். பதிவேடு இல்லையென்றால், நேரில் நின்று பார்த்த நம்பகமான ஒருவரின் சாட்சியம் போதும்.

சிக்கல் கலியாணத்தில்தான், அதுவும் உங்கள் மகள் பக்கத்தால். உரோமைக் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றவர் தம் ஆயர், பங்குத்தந்தை அல்லது அவர்கள் அதிகாரம் கொடுத்த குரு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கலியாணம் செய்ய வேண்டும் (சட்டம் 1108). அந்தச் சபைக் குருவின் பட்டம் செல்லுபடியானதாகவே இருந்தாலும் இந்த அதிகாரம் அவரிடம் இல்லை. 'மகள் எங்கள் சபையில் சேர்ந்துவிட்டால் சரிதானே' என்று கேட்பார்கள். உரோமைத் திருச்சபையை விட்டு முறைப்படி விலகியவர்களுக்கு முன்பு இந்த விதியிலிருந்து விலக்கு இருந்தது. 2009இல் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் அதை நீக்கிவிட்டார்.

இன்னொரு வாதமும் வரும்: 'எங்கள் ஆயரின் வழி சீரிய (சிரியாக்) திருச்சபை வழி.' இப்படிப்பட்ட பல சபைகளின் ஆயர் வரிசை (யார் யாரை ஆயராக்கினார் என்ற தொடர்) கொழும்பு வழியாகத்தான் போகிறது. கோவா மறைமாவட்ட விவகாரத்தில் உரோமையை விட்டுப் பிரிந்த அல்வாரஸ் என்ற குருவை 1889இல் கேரளத்து மலங்கரைச் சீரிய ஆயர்கள் ஆயராக அபிஷேகம் செய்தார்கள். அவர் 1892இல் கொழும்பில் வைத்து வில்லாத் என்பவரை அபிஷேகம் செய்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள எத்தனையோ சுயாதீன சபைகள் இந்த வில்லாத்தைத்தான் காட்டுகின்றன. கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவரை மணப்பதற்குச் சட்டத்தில் தளர்வு உண்டுதான். ஆனால் ஆயரின் வம்சாவளியை மட்டும் காட்டி அதைப் பெற முடியாது.

ஆகவே வழி இரண்டு. உங்கள் பங்குக் கோவிலில் வைப்பதென்றால் கலப்புத் திருமண அனுமதி (கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவரை மணக்கும் அனுமதி) வேண்டும். தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வதாகவும் மகள் வாக்குக் கொடுப்பார். பையன் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை, அவருக்கு அது தெரிந்திருந்தால் போதும். அவர்கள் கோவிலில்தான் என்றால், அந்த அனுமதியோடு திருமண முறையிலிருந்து (மேலே சொன்ன சட்டம் 1108இன் விதியிலிருந்து) விலக்கும் உங்கள் ஆயர் தர வேண்டும். பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்துக்கு விண்ணப்பியுங்கள். விலக்குக் கிடைத்து அங்கே முடித்தால், பின்னர் உங்கள் கோவிலில் இன்னொரு தடவை சம்மதம் சொல்லவைக்கக் கூடாது. இரண்டு பக்கத்தையும் சமாளிக்கலாமென்று குடும்பங்கள் தவறுவது இங்கேதான். மகளின் ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எடுங்கள். கலியாணம் நடந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பார்கள்; பழைய பிரதியில் அது தெரியாது, வேறு கலியாணம் நடக்கவில்லை என்பதைக் காட்டுவது புதிய பிரதிதான்.

எழுத்து (அரச விவாகப் பதிவு) வேறு கதை. விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து வழக்கமாக 12 நாள் கழிந்தே சான்றிதழ் கிடைக்கும், 3 மாதத்துக்குள் கலியாணம் நடக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு பதிவாளர் பிரிவு என்பதால் இரண்டு பதிவாளரிடமும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்தச் சபையின் கோவில் திருமணம் நடத்தப் பதிவுபெற்ற கட்டடமா என்றும் அவர்களிடம் கேளுங்கள். இல்லையென்றால் எழுத்தைப் பதிவாளரிடம் தனியாக வைக்க வேண்டியதுதான். ஆயர் இல்லத்துக் கடிதம் கைக்கு வரும்வரை மண்டபத்துக்கு முற்பணம் கட்டாதீர்கள்.