அரைக் கட்டை ஏறும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

ஜாஸ் இசை பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். பெங்களூரில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளைக்கும் அதில் பைத்தியம். ஜாஸிலேயே பெரிய சாதனை என்று சொல்லி, சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’ அனுப்பிவைத்தார். நான் கோயில் திருவிழாக்களில் நாயனம் கேட்டு வளர்ந்தவன். விடிய விடிய உட்கார்ந்து தவில் கேட்டிருக்கிறேன். இதைப் போனில் போட்டுப் பத்து நிமிடம் தாங்கவில்லை. எல்லாரும் சுருதி சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள், கச்சேரி தொடங்கவே இல்லை. உண்மையில் இதில் ஏதாவது இருக்கிறதா? இல்லை, பெரிய ஓட்டல் லாபியில் உட்கார்ந்து ரசிப்பதாகக் காட்டிக்கொள்கிற விஷயம்தானா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள அண்ணனுக்கு,

இருக்கிறது. மாப்பிள்ளை ஆசையில் உங்களை நேரே ஊருணியின் நடுவில் இறக்கிவிட்டார், அவ்வளவுதான். ‘அசென்ஷன்’ 1965-இல் பதிவானது. பதினொரு பேர், சுமார் 40 நிமிடம். பல இடங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் போக்கில் வாசிப்பார்கள். கோல்ட்ரேனே அந்த இடத்துக்கு வந்துசேரப் பல வருடம் பிடித்தது. நாம் அங்கே தொடங்க வேண்டியதில்லை.

போனில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிச் சிக்கல் அங்கேதான். ஜாஸில் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது பாஸ். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் தந்தி வாத்தியம், விரலால் மீட்டுவார்கள். அதன் அடிநாதம் போனின் சின்ன ஸ்பீக்கரில் சரியாக வராது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் மட்டும் அந்தரத்தில் நிற்கும். தவிலை எடுத்துவிட்டு மல்லாரி கேட்டால் எப்படி இருக்கும்?

எனக்கும் பல வருடம் இது பிடிபடவில்லை. ஒரு மழைநாளில் கானாடுகாத்தானில் உறவினர் வீட்டு வளவில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுப் பையன் பெரிய ஸ்பீக்கரை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்து ஏதோ போட்டான். முற்றத்தில் மழைச் சத்தம். நான் பாட்டைக் கவனிக்கவே இல்லை. சாய்ந்திருந்த தேக்குத் தூணில் ஏதோ மெல்ல அதிர்ந்து முதுகுக்கு வந்தது. சீராக, ஒருவர் நிற்காமல் நடந்து போவது போல. கொஞ்ச நேரத்தில் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. அதற்கு அப்புறம்தான் அந்த நடையின் மேல் ஏறி வந்த டிரம்பெட் காதில் விழுந்தது. விழுந்ததும் விளங்கிவிட்டது.

அன்று ஓடியது டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘சோ வாட்’. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவு செய்தது, ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தின் முதல் உருப்படி. நீங்களும் இதிலேயே தொடங்குங்கள். நல்ல ஹெட்போனோ ஸ்பீக்கரோ கட்டாயம் வேண்டும்.

முதலில் பியானோவும் பாஸும் தாளமில்லாமல் கொஞ்சம் உலாவும். அப்புறம் பாஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்ற வாத்தியங்கள் இரண்டே அடியில் பதில் சொல்லும். இது மாறி மாறி வரும். ஒன்றரை நிமிடம் வாக்கில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பல் என்ற உலோகத் தட்டில் ஓங்கி ஒரு அடி அடிப்பார். அந்த அடிதான் சமம், தாளத்தின் முதல் எண்ணிக்கை. அங்கிருந்து கையில் ஆதி தாளம் போடுங்கள், பாஸின் ஒவ்வொரு மீட்டுக்கும் ஒரு எண்ணிக்கை. எட்டு எண்ணிக்கை சேர்ந்தால் ஓர் ஆவர்த்தனம். எட்டு ஆவர்த்தனம் இரண்டு கட்டைச் சுருதியில் போகும். ஸ்வரங்கள் உங்களுக்குத் தெரிந்த கரஹரப்ரியாவின் ஸ்வரங்களே. அப்புறம் நாலு ஆவர்த்தனம் அப்படியே அரைக் கட்டை ஏறும். ஸ்வர வரிசை அதேதான், சுருதிதான் மாறியது. கடைசி நாலு ஆவர்த்தனம் பழைய இடத்துக்குத் திரும்பும். இது ஒரு சுற்று, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மைல்ஸ் இரண்டு சுற்று வாசிப்பார், சாக்ஸபோனில் கோல்ட்ரேன் இரண்டு, கேனன்பால் அடர்லி இரண்டு. பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று.

யார் என்ன வாசித்தாலும் நீங்கள் பாஸை விடாதீர்கள். பால் சேம்பர்ஸ் என்ற அந்த இளைஞருக்கு அன்று வயது 23. அவர் அரைக் கட்டை ஏறுகிற இடத்தை நீங்களே கண்டுபிடிக்கிற அன்று, மேலே வாசிப்பவர் அதற்கு எப்படித் தயாராகிறார் என்பதும் கேட்கும். நாலு நாள் ஆகலாம், ஆகட்டும். கமகத்தை மட்டும் தேட வேண்டாம். நாம் ஒரு ஸ்வரத்தை அசைத்துச் செய்வதை, அவர்கள் பல ஸ்வரங்களை ஒன்றாக அடுக்கிச் செய்கிறார்கள். அந்த அடுக்கு காதுக்குப் பழக நாளாகும்.

ஓட்டல் லாபி என்று எழுதியது எனக்கு வலித்தது அண்ணே. இது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களின் இசை. அங்கே சாவு ஊர்வலத்திலும் பேண்டு வாசிப்பார்கள், போகும்போது துக்கமாக, திரும்பும்போது துள்ளலாக. அந்த ஊரில் பிறந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1928-இல் அவர் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ கேளுங்கள். தொடக்கத்தில் டிரம்பெட் துணையே இல்லாமல் தனியாக எழும். அந்தச் சில நொடிக்கு, நாயனம் கேட்ட காதுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

வாய்ப்பாட்டு வேண்டுமென்றால் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பாடகியைக் கேளுங்கள். 1960-இல் பெர்லின் மேடையில் ‘மேக் த நைஃப்’ பாடும்போது வரிகளை மறந்துவிட்டார். பாட்டை நிறுத்தவில்லை. மறந்ததையே வரியாகக் கட்டித் தாளம் பிசகாமல் பாடி முடித்தார். அந்தப் பதிவு கிடைக்கிறது.

‘அசென்ஷன்’ அப்படியே இருக்கட்டும், மாப்பிள்ளை ஊருக்கு வரும்போது இருவரும் சேர்ந்து கேட்கலாம். தை பிறந்ததும் நான் காரைக்குடி வருகிறேன். என் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு தேவகோட்டைக்கு வருகிறேன், உங்கள் வீட்டு வளவில் வைத்து ‘சோ வாட்’ கேட்போம். தூணோரம் ஒரு இடம் உங்களுக்கு.

அன்புடன்.