மோட்டார் மாண்டேகு யார்?

உங்கள் கட்டுரையில் வரும் மோட்டார் ஆர்வலர் மாண்டேகுவும், இந்திய ஆட்சிமுறையை மாற்றிய 1919ஆம் ஆண்டு மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் மாண்டேகுவும் ஒருவர்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சீர்திருத்தக்காரர் எட்வின் மாண்டேகு. நீங்கள் தேடுபவர் ஜான் மாண்டேகு, இங்கிலாந்தின் பியூலி ஊர்ப் பிரபு. கட்டுரையில் இருவரும் ஒருவராகத் தெரியும் பத்தியை அவசியம் திருத்திவிடுங்கள். இவர் தனியே நினைக்கப்பட வேண்டியவர்.

1892இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நியூ ஃபாரஸ்ட் தொகுதியின் எம்.பி. ஆனார். 1899இல் பாரிஸ்–ஆஸ்டெண்ட் பந்தயத்தில் தன் டெய்ம்லர் காரைத் தானே ஓட்டினார். 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாடினார். வேக வரம்பு மணிக்கு 20 மைலானதும், வண்டிகளுக்குப் பதிவெண் வந்ததும் அச்சட்டத்தால்தான்.

குழப்பத்துக்குக் காரணம், இவருக்கும் இந்தியத் தொடர்பு உண்டு என்பதே. முதல் உலகப்போரின்போது இந்திய அரசின் மோட்டார் போக்குவரத்து ஆலோசகராக இருந்தார். அந்தப் பொறுப்புக்காகக் கடல்வழியே வரும்போதுதான், 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்கு அருகே 'பெர்சியா' கப்பல் தகர்க்கப்பட்டது. உடன்வந்த செயலாளர் எலினோர் தார்ன்டன் மூழ்கிப்போனார். ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் முகப்பில் கைகளைப் பின்னே விரித்து முன்சாய்ந்து நிற்கும் சிறு பெண்ணுருவுக்கு அவரே மாதிரி என்பார்கள். மாண்டேகு உடைந்த படகில் தத்தளித்துப் பிழைத்தார். ஊர் திரும்பித் தன் இரங்கல் செய்தியைத் தானே படித்தார். இதை விட்டுவிடாமல் எழுதுங்கள்.

பியூலியில் உள்ள மோட்டார் அருங்காட்சியகத்தை 1952இல் தொடங்கியவர் அவருடைய மகன் எட்வர்டு.