கே-பாப், மேற்கத்திய ஊடகம், அப்புறம் நம் ஊர் டெஸ்க்: கேள்வி பதில்

கே-பாப் எனும் கொரிய பாப் இசையைப் பற்றி மேற்கத்திய ஊடகம் எழுதும்போது இனவெறியும் பெண் வெறுப்பும் எட்டிப்பார்க்கின்றன என்று நான் சொன்னதற்குக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன, முடிந்த வரைக்கும் சொல்கிறேன். என்னைப் பற்றி ஒரு வரி: ஒரு தமிழ் நாளிதழ் டெஸ்க்கில் பல வருடம் செய்தி ஏஜென்சிகளின் காப்பியைத் தமிழாக்கிப் போட்டவள். கே-பாப் கேட்க ஆரம்பித்தது 2009-ல், வொண்டர் கேர்ள்ஸ் என்ற கொரியக் குழு அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பாடல் பட்டியலில் 76-ஆம் இடம் பிடித்த சமயம்.

கேள்வி: அக்கா, எந்த ஆங்கிலக் கட்டுரையைத் திறந்தாலும் "தொழிற்சாலை", "இயந்திரம்" என்றுதான் எழுதுகிறார்கள். அது பொய் என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. பயிற்சி முறை உண்மை, சின்ன வயதிலேயே எடுத்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. பாடகி போவா 2000-ல் முதல் ஆல்பம் போட்டபோது வயது 13. டிவிஎக்ஸ்க்யூ குழுவில் மூன்று பேர் 2009-ல் நீதிமன்றம் போனதே 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்துத்தான். அதே வருடம்தான் கொரிய நியாய வர்த்தக ஆணையம் ஏழு வருட மாதிரி ஒப்பந்தம் கொண்டுவந்தது. இதையெல்லாம் எழுதத்தான் வேண்டும்.

என் புகார் வேறு. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கிய பெர்ரி கோர்டி டெட்ராய்ட்டில் கார் ஆலையில் வேலை பார்த்தவர், ஒரு பக்கம் வெறும் சட்டமாக நுழைகிற கார் மறுபக்கம் பளபளவென்று வெளியே வருவதைப் பார்த்துத்தான் பாடகர்களையும் அப்படி உருவாக்கலாம் என்று தோன்றியது என அவரே பெருமையாகச் சொன்னவர். எப்படி உட்கார வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லித்தர மாக்சின் பவல் என்ற அம்மா, நடனத்துக்கு சோலி அட்கின்ஸ். அதை இன்றைக்கு எழுதுகிறவர்கள் மேதைமை என்கிறார்கள், பொற்காலம் என்கிறார்கள். அதே வேலை சியோலில் நடந்தால்? 2012-ல் நியூயார்க்கர் இதழ் கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழுவை முன்வைத்து கே-பாப்பைப் பற்றி நீளமாக எழுதியது, தலைப்பு "தொழிற்சாலைப் பெண்கள்".

இன்னொன்று. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், என்சிங்க் என்ற அமெரிக்கப் பாடகர் குழுக்கள் இரண்டும் தங்களை உருவாக்கிய லூ பேர்ல்மேன் மீது வழக்குப் போட்டார்கள், பிறகு அந்த ஆள் வேறு மோசடியில் மாட்டி 2008-ல் 25 வருட சிறைத் தண்டனை வாங்கினார். அந்தக் கதையில் வில்லன் பேர்ல்மேன் என்ற ஒரு ஆள்தான், அதை வைத்து அமெரிக்கக் கலாசாரமே இப்படி என்று யாரும் எழுதவில்லை. கொரியாவில் ஒரு முதலாளி ஏமாற்றினால் மட்டும் பழைய சீன ஞானி கன்ஃபூசியஸிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் இனவெறி என்று கூவுவது ரசிகர்களின் பழக்கம். சும்மா சொல்லாமல் உதாரணம் காட்டுங்கள்.

2021 பிப்ரவரி, ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் பயர்ன் 3 வானொலி. ஏழு ஆண்கள் கொண்ட கொரியக் குழுவான பிடிஎஸ், பிரிட்டிஷ் குழு கோல்ட்ப்ளேயின் பாட்டு ஒன்றைப் பாடியது தொகுப்பாளருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அவர் அவர்களை வைரஸோடு ஒப்பிட்டு, சீக்கிரம் தடுப்பூசி வரட்டும் என்றார், இருபது வருடம் வடகொரியாவுக்கு விடுமுறையில் போகட்டும் என்றார். கொரோனா உச்சத்தில் ஆசிய முகம் உள்ளவர்கள் தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த மாதமே அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் கேலி ஸ்டிக்கர் ஒன்றில் பிடிஎஸ்ஸை அடிபட்டு வீங்கிய முகங்களோடு வரைந்தது. அதற்கு முன்பு 2019-ல் ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் நிகழ்ச்சியில், கொரியாவிலிருந்து ஏதோ அமெரிக்காவில் வெடித்தது என்றதும் குண்டோ என்று பயந்தேன் என்கிற ரகத்தில் ஒரு ஜோக்.

மூன்று இடத்திலும் மன்னிப்புக் கேட்டார்கள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு, துடைப்பது சுலபம். எனக்கு அதிகம் உறுத்தியது 2019 எம்டிவி விஎம்ஏ, அதாவது இசை வீடியோ விருது விழா. "சிறந்த கே-பாப்" என்று புதிதாக ஒரு விருது வைத்தார்கள், பிடிஎஸ்ஸை அதில் உட்காரவைத்தார்கள், வருடத்தின் சிறந்த கலைஞர், வருடத்தின் சிறந்த வீடியோ மாதிரி பெரிய பட்டியல்களில் பெயர் இல்லை. கல்யாண வீட்டில் தனிப்பந்தி போட்டு, உங்களுக்கென்றே ஸ்பெஷலாகப் போட்டோம் என்று சொல்வது போல.

கேள்வி: இனவெறி சரி. பிடிஎஸ் ஆண்கள் குழு, இதில் பெண் வெறுப்பு எங்கே வந்தது?

2021 செப்டம்பரில் ஐ.நா. சபை. தென்கொரிய அதிபர் மூன் ஜே-இன் பிடிஎஸ்ஸை சிறப்புத் தூதர்களாக நியமித்துக் கூட்டிப்போகிறார். பெருந்தொற்றில் படிப்பும் வேலையும் தொலைத்த இளைஞர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்று இரவு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொகுப்பாளர் ஜேம்ஸ் கார்டன் அடித்த ஜோக்கின் சாரம்: உலகத்துப் 15 வயதுப் பெண்பிள்ளைகள் எல்லாம் ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸாக இருக்க மாட்டோமா என்று ஏங்கியது இதுதான் முதல் முறை.

சாதாரண ஜோக்தானே என்று தோன்றும். கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ரசிகர் என்றால் 15 வயதுப் பெண். 15 வயதுப் பெண் என்றால் அவளுக்கு ஐ.நா.வும் தெரியாது, பேச்சும் புரியாது, பையன் பக்கத்தில் நிற்க ஆசை மட்டும்தான். அவளுக்குப் பிடித்தது எதுவாக இருந்தாலும் அது அற்பம். ஆக, மேடையில் நிற்கிற ஏழு ஆண்களைச் சிறுமைப்படுத்துவதற்குக் கையில் எடுத்த கல்லே அந்தப் பெண்பிள்ளைதான். இத்தனைக்கும் நாற்பது, ஐம்பது வயதில் ஆர்மியாக, அதாவது பிடிஎஸ் ரசிகைகளாக இருக்கிற பெண்கள் கூட்டம் தனி (அதில் நானும் ஒருத்தி, முட்டி வலியோடு). பிடிஎஸ் அந்த நவம்பரில் கார்டன் நிகழ்ச்சிக்கே போய்ப் பேசிச் சமாதானமாகிவிட்டார்கள், அது வேறு.

இது கொரியாவுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 1964-ல் பீட்டில்ஸ் ரசிகைகளைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகை மலிவு மிட்டாய் தின்று ஊதிய முகங்கள் என்கிற அளவுக்கு எழுதியது. அந்தப் பெண்கள் ரசித்ததைத்தான் இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

2020 ஜூனில் கதை அப்படியே தலைகீழ். அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கான பிளாக் லைவ்ஸ் மேட்டர் இயக்கத்துக்கு பிடிஎஸ் தரப்பு பத்து லட்சம் டாலர் கொடுக்க, ரசிகர்கள் ஒரே நாளில் அதே தொகையைத் திரட்டினார்கள். அதே மாதம் அமெரிக்காவின் டல்சா நகரில் டிரம்ப் தேர்தல் கூட்டத்துக்கு டிக்டாக் பிள்ளைகளோடு சேர்ந்து பொய் முன்பதிவு செய்தார்கள். உடனே பத்திரிகைகளில் "கே-பாப் படை" என்று ஒரு மர்மசக்தி முளைத்துவிட்டது. நேற்றுவரை மூளை இல்லாத கூட்டம், இன்றைக்கு தேர்தலையே புரட்டும் கூட்டம். கணக்குப் பார்த்து, ரசீது போட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து நிதி திரட்டிய பெண்கள் இந்த இரண்டு படத்திலும் இல்லை.

கேள்வி: நான் ஒரு அப்பா. வெளிப்படையாகக் கேட்கிறேன், அந்தப் பையன்கள் பெண்பிள்ளை மாதிரி இருக்கிறார்கள் என்று சொல்வதில் என்ன தப்பு?

ஐயா, நம் கறுப்பு வெள்ளைக் கதாநாயகர்கள் கண்மையும் உதட்டுச் சாயமும் போட்டுக்கொண்டுதான் வாள்சண்டை போட்டார்கள், நாம் விசிலடித்தோம். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி போட்டால் மேற்கில் அது புரட்சி. ஆசிய ஆண் போட்டால் மட்டும் "இவன் ஆணா" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி ஹாலிவுட்டில் நூறு வருடப் பழசு. அதோடு "பெண் மாதிரி" என்பது ஏன் வசை என்பதை உங்கள் மகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மற்றபடி அந்த ஏழு பேரும் கட்டாய ராணுவ சேவைக் கடமையை முடித்துவிட்டார்கள், உங்களுக்கு அது முக்கியம் என்றால்.

கேள்வி: பெண்கள் குழுக்களைப் பற்றி எழுதும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

இதுதான் எனக்கு மனசு ஆறாத இடம். "பாவம், பொம்மைகள்" என்று ஒரே வார்ப்பில் ஊற்றிவிடுகிறார்கள், அதனால் நிஜமான ஆணாதிக்கம் எது என்பதே செய்தியில் வராமல் போகிறது. 2018-ல் ஏபிங்க் குழுவின் நாவுன், "பெண்களால் எதுவும் முடியும்" என்ற வாசகம் போட்ட போன் கவர் வைத்திருந்ததற்காக வசை வாங்கினார். அடுத்த மாதம் ரெட் வெல்வெட் ஐரீன், ஒரு சாதாரணப் பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் நாவலைப் படித்தேன் என்றார், அவ்வளவுதான், சில ஆண் ரசிகர்கள் அவர் படத்தைக் கொளுத்தினார்கள். பிளாக்பிங்க் ஜென்னி 2020-ல் ஒரு வீடியோவில் இறுக்கமான நர்ஸ் உடை போட்டபோது எதிர்ப்புத் தெரிவித்தது வாஷிங்டனோ லண்டனோ இல்லை, கொரிய மருத்துவப் பணியாளர் சங்கம். காட்சியை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் 2019. அக்டோபரில் பாடகி சல்லி இறந்தார், நவம்பரில் பாடகி கூ ஹாரா. இரண்டு மரணத்துக்கும் உலகம் முழுக்க ஒரே தலைப்பு, "கே-பாப்பின் இருண்ட பக்கம்". ஆனால் கூ ஹாராவின் வழக்கு என்ன? முன்னாள் காதலன் அந்தரங்க வீடியோவை வெளியிடுவேன் என்று மிரட்டினான். ஆகஸ்டில் நீதிமன்றம் அவனுக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அவள் இறந்து, மேல்முறையீடு நடந்து, 2020-ல்தான் ஒரு வருடச் சிறை. இதில் நடனப் பயிற்சி எங்கே இருக்கிறது? 2018-ல்தான் ரகசியக் கேமராக் குற்றங்களை எதிர்த்து சியோல் ஹேஹ்வா பகுதியில் பல்லாயிரம் பெண்கள் திரும்பத் திரும்பத் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: நம் தமிழ்ப் பத்திரிகைகள் ஒழுங்கா?

ஏஜென்சி காப்பி ராத்திரி ஒன்பது மணிக்கு வரும், பக்கம் ஒன்பதரைக்குப் போகணும். "இருண்ட பக்கம்" என்ற அந்தத் தலைப்பை அன்றைக்குத் தமிழில் வைத்தது நான்தான். ஐந்து பத்தியில் மூன்றை வெட்டினேன், வெட்டியதில் நீதிமன்றத் தீர்ப்பு இருந்த பத்தியும் ஒன்று. போதுமா?

கேள்வி: அப்போ ரசிகர்கள் மேல் தப்பே இல்லையா? ஒரு விமர்சனம் எழுதினால் நிருபரின் குடும்பத்தையே இழுக்கிறார்கள்.

இருக்கிறது, கேவலமான தப்பு. ஆல்பம் சுமார் என்று எழுதியது இனவெறி ஆகாது. கம்பெனிக்கு வக்கீல் வேலை பார்ப்பதும் உங்கள் வேலை இல்லை, அவர்களிடம் நிஜ வக்கீல்களே நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு கட்டுரை பாரபட்சமானதா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பேனாவை எடுத்து, பெயரோடு பேசுகிற கொரியர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை என்று ஓரத்தில் கோடு போடுவேன். அப்புறம், பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையாவது, தாளமோ குரலோ ஏதாவது, இருக்கிறதா என்று தேடுவேன். பல கட்டுரைகளில் கோடு போடவே வேலை இருக்காது.

கேள்வி: கடைசியா ஒண்ணு. உங்க பயஸ், குழுவிலேயே ரொம்பப் பிடிச்சவர், யாரு அக்கா?

பிடிஎஸ்ஸின் சுகா. பயஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே பாரபட்சம் என்றுதான் அர்த்தம். பாரபட்சத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.